மின்னாயியின் இடக்கை

கைகால்களுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், ஆடுமாடு பேசுவதைக் கேட்டு யாரும் அசந்து நின்றதில்லை. அசந்து நிற்க நேரம் இருந்தால்தானே? மனிதர்களுக்குத் தங்கள் உடம்போடு பேசி முடிக்கவே பொழுது போதவில்லை.

இன்று நமக்கு எழுந்திருக்கத் தோன்றினால் எழுந்துவிடுகிறோம். அன்று பாயில் கிடந்தபடியே ஒவ்வொருவரையாகக் கூப்பிட வேண்டும். இடுப்பே, நிமிரு. முழங்காலே, மடங்கு. பாதமே, ஊன்று. கூப்பிட்டதும் வந்துவிடுவார்களா என்றால் அதுவும் கிடையாது. இடுப்புக்கு ஒரு குறை இருக்கும். முழங்காலுக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கும். நேற்று சந்தைக்கு அவ்வளவு தூரம் நடந்து கொடுத்தேனே, ஒரு நல்ல வார்த்தை சொன்னாயா என்று பாதம் வழக்குக்கு வரும். எல்லாரையும் தாஜா பண்ணி எழுந்து உட்காருவதற்குள் வெயில் வாசலுக்கு வந்துவிடும். ஒரு கவளம் களி வாய்க்குள் போக வேண்டுமானால் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று நான்கு இடத்தில் கெஞ்ச வேண்டும். கல்யாணப் பந்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒருவர் தன் கையைப் பார்த்து "எடு" என்பார், பக்கத்து இலைக்காரரின் கை எடுத்துவிடும். அதனால் மூண்ட சண்டைகளில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நின்றுபோன ஊர்களும் உண்டு.

உடம்புக்குள் மூன்று வகையறா குடியிருந்தார்கள். எலும்புகள் பாரம் தாங்குகிறவர்கள். வருஷத்துக்கு ஒரு வார்த்தை பேசினால் அதிகம். மூட்டுகள் இரண்டு எலும்புக்கு நடுவில் உட்கார்ந்து, அவை திரும்ப வழிவிடுகிறவர்கள். அவர்கள் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும், அதனாலேயே யாரும் காது கொடுப்பதில்லை. மூன்றாவது வகையறா சதைகள். வேலையும் அவர்களுக்குத்தான் அதிகம், வாயும் அவர்களுக்குத்தான் அதிகம். ஒவ்வொரு மூட்டுக்கும் முன்பக்கம் ஒரு சதை, பின்பக்கம் ஒரு சதை. இருவரும் இரண்டு முனையிலும் நாரால் எலும்போடு தங்களைக் கட்டிக்கொண்டு இழுப்பார்கள். இழுப்பது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரியும். தள்ளத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு விடவும் தெரியாது.

பிடியை விட்டால் சதை செத்துப்போகும் என்று எந்தக் காலத்திலோ எந்தச் சதையோ கிளப்பிவிட்ட பேச்சு. எல்லாச் சதைகளும் அதை அப்படியே நம்பின. அதனால் ஒருவர் "முழங்கையே, மடங்கு" என்றால் முன்பக்கத்துச் சதை இழுக்கும், பின்பக்கத்துச் சதையும் உயிருக்குப் பயந்து எதிர்த்து இழுத்துக்கொண்டே இருக்கும். யாருக்கு உத்தரவு கிடைத்ததோ அவருக்குக் கொஞ்சம் பலம் கூடும். அவர் ஜெயிப்பார். ஆக, ஒரு கை மடங்குவதே ஒரு மல்யுத்தம். பொழுது விடிந்து பொழுது போனால் உடம்புக்குள் எத்தனை மல்யுத்தம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கத்திலும் அவர்கள் இழுத்துக்கொண்டேதான் கிடப்பார்கள். அந்தக் கால மனிதர்கள் எவ்வளவு தூங்கினாலும் அடித்துப்போட்டாற்போல எழுந்தது இதனால்தான்.

இப்படிப்பட்ட காலத்தில், ஒரு பெரிய வாய்க்காலின் கரையில் குடிசை போட்டிருந்தவள் மின்னாயி. ஊராரிடம் வாய்த்துடுக்காகப் பேசுவாள், தன் கைகால்களிடம் மட்டும் பிரியமாகப் பேசுவாள். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் பால்குடி மறப்பதற்குள் போய்விட்டன. மூன்றாவது பெண். பெயர் சின்னி, எட்டு மாதம். சின்னி பிறந்ததிலிருந்து மின்னாயியின் அடிவயிற்றில் ஒரு பயம் வந்து உட்கார்ந்திருந்தது, இதுவும் போய்விடுமோ என்ற பயம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கணவன் சடையனிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று நினைத்தாள்.

அன்று காலை சடையன் சோளக்காட்டுக்குப் போயிருந்தான். மின்னாயி வாசலில் உரலில் கம்பு போட்டு இடித்துக்கொண்டிருந்தாள். தோளே தூக்கு, முழங்கையே மடங்கு, தோளே இறங்கு, முழங்கையே நீளு என்று ஓதிக்கொண்டே இடிப்பதால் வேறெதிலும் கவனம் போகாது. சின்னியைப் பக்கத்தில் விரித்த சாக்கில் உட்கார்த்தி வைத்திருந்தாள். பேச்சு வராத பிள்ளைகள் கைகால்களுக்கு உத்தரவு போட முடியாது அல்லவா? அதனால் அந்தக் கைகால்கள் தங்கள் இஷ்டத்துக்குத் திரியும். சின்னியின் கைகளும் கால்களும் தங்களுக்குள் கிசுகிசுவென்று பேசி, தண்ணீர் பார்க்கப் போகலாம் என்று முடிவெடுத்தன. பிள்ளையை இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குக் கிளம்பிவிட்டன.

மேற்கே மழை பெய்து வாய்க்கால் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. மின்னாயி தலை நிமிர்ந்தபோது சாக்கு காலியாக இருந்தது. பிள்ளை கரையின் சரிவில் இருந்தது.

ஓட வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் ஓடுவதென்றால் சும்மாவா? வலக்காலே எடு, இடக்காலே எடு, வலக்காலே எடு என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டே ஓடினாள். ஒவ்வொரு காலாகக் கூப்பிடும்போதும் சின்னி ஒரு முழம் கீழே போய்க்கொண்டிருந்தாள். கடைசியில் மின்னாயி அப்படியே விழுந்து, "இடக்கையே, அள்ளு" என்று அலறினாள். இடக்கை அள்ளியது. சின்னியின் ஒரு கால் தண்ணீரில் நனைந்திருந்தது. அவ்வளவுதான்.

மின்னாயி கரையேறி வந்து வாசலில் உட்கார்ந்தாள். சின்னியை இடக்கையின் மடிப்புக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்:

"இனி உன்னைய ஒரு நாளும் விடமாட்டேன் சாமி. செத்தாலும் விடமாட்டேன்."

எல்லாத் தாயும் சொல்கிற வார்த்தைதான். இன்று சொன்னால் ஒன்றும் ஆகாது. அன்று, உடம்பு முழுக்கக் காதும் வாயுமாக இருந்த காலத்தில், அப்படி வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளை பிழைத்த வேகத்தில் மின்னாயி மறந்துவிட்டாள்.

அவளுடைய இடது மேற்கையில் எலும்புக்கு முன்பக்கம் இருந்த சதைக்கு முன்னவன் என்று பெயர். பின்பக்கம் இருந்த சதைக்குப் பின்னவன் என்று பெயர். அண்ணன் தம்பி. பின்னவன் கொஞ்சம் பயந்த சுபாவம், எதையும் இரண்டு தரம் கேட்டுக்கொள்வான். முன்னவன் ஒரு தரம் கேட்டால் போதும் என்கிறவன். உத்தரவு என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் முன்பின் யோசிக்க மாட்டான். அவன் நல்லவன்தான். நல்லவர்கள் யோசிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவனைப்போல் உதாரணம் கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து மின்னாயிக்கு மூச்சு நிதானத்துக்கு வந்தது. சின்னி அவள் கைமடிப்பிலேயே தூங்கிப்போயிருந்தாள். பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுக் கம்பை அள்ளலாம் என்று, "முழங்கையே, நீளு" என்றாள். கை அசையவில்லை. மறுபடியும் சொன்னாள். பின்னவன் முக்கி முனகி இழுப்பது தெரிந்தது. கை ஒரு நூல்கூட நீளவில்லை.

"என்னடா முன்னவா, உன்னைய மீறி அவன் இழுக்கணுமில்ல? கொஞ்சம் இடங்குடு."

"நீதான ஆத்தா சொன்ன, ஒரு நாளும் விடமாட்டேன்னு?" என்றான் முன்னவன். "செத்தாலும்னு வேற சொன்ன. நான் பிடிச்சுட்டேன். நீ உன் வேலையப் பாரு."

மின்னாயிக்குச் சிரிப்பு வந்தது. அது பிள்ளைக்குச் சொன்ன வார்த்தை, உனக்குச் சொன்னது இல்லை, இப்போது விடு என்றாள். விடுவது என்றால் என்ன, அதை எப்படிச் செய்வது என்று முன்னவன் கேட்டான். அவன் கிண்டல் செய்யவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. இதுவரைக்கும் பின்னவனுக்கு உத்தரவு கிடைத்தால் அவன் பலம் கூடி ஜெயிப்பான், முன்னவன் தோற்று நீளுவான், அவ்வளவுதான். இப்போது முன்னவனுக்கு என்றென்றைக்குமான உத்தரவு கிடைத்துவிட்டது. அதற்கு மேல் எந்த உத்தரவும் ஏறவில்லை.

அப்போதுதான் மின்னாயிக்குச் சிரிப்பு நின்றது.

உச்சிப்பொழுதுக்குச் சடையன் காட்டிலிருந்து வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதற்குப் போய் இப்படி அரண்டு கிடக்கிறாயே என்று நல்லெண்ணெயைக் காய்ச்சி அவள் புஜத்தில் தேய்த்தான். தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தான். முன்னவனைச் செல்லமாகக் கூப்பிட்டுப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான். எதற்கும் மசியவில்லை. கடைசியில் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பலம் முழுவதையும் கொடுத்து வெளிப்பக்கம் இழுத்தான். உள்ளே பின்னவனும் கூடவே இழுத்தான்.

அதுதான் தப்பாகப் போயிற்று. வெளியிலிருந்து ஒருவனும் உள்ளிருந்து ஒருவனும் சேர்ந்து பிள்ளையைப் பிடுங்க வருகிறார்கள் என்று முன்னவன் நினைத்துவிட்டான். அவன் இன்னும் இறுக்கினான். அவன் இறுக்க, பிள்ளை நசுங்கிவிடுமே என்று பின்னவன் இன்னும் இழுத்தான். அவன் இழுக்க, இவன் இன்னும் இறுக்கினான். தூக்கம் கலைந்த சின்னி வீறிட்டாள்.

நடுவில் மாட்டிக்கொண்டது முழங்கை மூட்டு. "ரெண்டு பேரும் சேந்து இழுத்தா நான் எந்தப் பக்கம் திரும்பறது? எலும்பு ரெண்டும் என்னைய அரைக்குது. யாராவது ஒருத்தர் நிறுத்துங்களேன்" என்று அது கெஞ்சியது. வழக்கம்போல அது சொன்னது சரியாக இருந்தது. வழக்கம்போல யாரும் கேட்கவில்லை.

பொழுது சாய ஆரம்பித்தபோது வாசலில் ஊரே கூடிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாருடைய கைகால்களும் ஆளுக்கொரு யோசனை சொன்னதில் காது அடைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆடு, கடித்துவிடுங்களேன் என்றது. சின்னியின் அழுகை மெல்ல மெல்லச் சின்னதாகிக்கொண்டே வந்தது. மின்னாயி மற்ற எல்லாச் சத்தத்தையும் விட்டு அதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூத்த இரண்டும் கடைசியில் அப்படித்தான் அழுதன. அவளுக்கு அந்தச் சின்னச் சத்தம் தெரியும்.

அடுத்த வீட்டுக் காத்தாயி அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். காத்தாயி ஐந்து பிள்ளை பெற்றவள், எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"மின்னா, பிள்ளைக்கு மூச்சு ஏறுது. முன்னவனோட நாரை அறுத்துடலாம். கை போவும். பிள்ளை இருக்கும்."

சடையன் உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்தான். அவன் விரல்கள் அதைப் பிடிக்க மாட்டோம் என்று அழுதன. அவன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டான். மின்னாயி யோசிக்கவே இல்லை. அறுங்க என்றாள். ஒரு கை இல்லாமல் கம்பு இடிக்கலாம். பிள்ளை இல்லாமல் என்ன செய்வது?

அரிவாளைப் பார்த்ததும் முன்னவனுக்குக் கிலி பிடித்தது. கிலியில் அவன் மேலும் சுருண்டான். சின்னியின் முகம் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறியது. இனி அறுத்து முடிக்கும் நேரம்கூட இல்லை என்று மின்னாயிக்குத் தெரிந்துபோனது. அவள் தலையை நிமிர்த்தி, எல்லாரும் வாயை மூடுங்கள் என்று ஒரே ஒரு சத்தம் போட்டாள். ஊர் மூடிக்கொண்டது. ஊராரின் கைகால்களும் மூடிக்கொண்டன. அந்தக் காலத்தில் அப்படி ஒரு நிசப்தத்தை யாரும் கேட்டதே இல்லை.

அந்த நிசப்தத்தில்தான் அவளுக்கு அது கேட்டது. தொம், தொம், தொம் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம்.

உடம்பிலேயே வாய் இல்லாதது அது ஒன்றுதான். பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு குறை சொன்னதில்லை, ஒரு உத்தரவுக்குக் காத்திருந்ததில்லை. அதனால் அதை யாரும் சட்டை செய்ததும் இல்லை. மின்னாயி கண்ணை மூடிக் கேட்டாள். இறுகுகிறது, தளர்கிறது. இறுகுகிறது, தளர்கிறது. அது எலும்பு இல்லை. மூட்டும் இல்லை. பிறகு என்ன?

"பின்னவா, நீ என் விலாவோட ஒட்டித்தான கிடக்க? உள்ள அடிக்குதே, கேக்குதா?" என்றாள்.

"கேக்குது ஆத்தா. எப்பவும் அடிக்கும். ஏன்?"

"அவனும் உன்னைய மாதிரி சதைதான். பிடிக்கிறான், விடறான். பிடிக்கிறான், விடறான். நான் பிறந்த நாள்லயிருந்து விட்டுக்கிட்டே இருக்கான். செத்தா போனான்?"

பின்னவன் கேட்டான். தொம், தொம். அவன் வழக்கம்போல இரண்டாவது தரமும் கேட்டான்.

"நீ விடு தம்பி," என்றாள் மின்னாயி. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் அன்றுதான் முதல்முறையாக அவனைத் தம்பி என்றாள். "நீ இழுக்க இழுக்கத்தான் அண்ணன் இறுக்குறான். அவன் பிடிக்கட்டும். நீ விடு."

கூடியிருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளையைக் காப்பாற்ற உள்ளுக்குள்ளிருந்து இழுப்பது பின்னவன் ஒருவன்தான். அவனும் விட்டால் முன்னவன் பிள்ளையை நசுக்கிவிட மாட்டானா? சடையன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, வேண்டாம் புள்ள, வேண்டாம் என்று அவள் தோளைப் பிடித்தான். மின்னாயி தன் வலது உள்ளங்கையை இடக்கைக்கும் சின்னியின் முதுகுக்கும் இடையில் செருகி வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அவளிடம் வேறு காவல் எதுவும் இல்லை. இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவள் மூன்றாவதை ஒரு சத்தத்தை நம்பிப் பணயம் வைக்கிறோமே என்று நினைத்தாள். இருந்தாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

பின்னவனுக்கும் பயம்தான். விட்டால் செத்துப்போவோம் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன். அவன், "அண்ணே, நான் போயிட்டா ஆத்தாவப் பாத்துக்க" என்றான். பிறகு விட்டான்.

கை சடக்கென்று ஒரு விரற்கடை உள்ளே போனது. சின்னியின் சத்தம் நின்றது. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

முன்னவன் திடுக்கிட்டுப் போனான். எதிரே யாரும் இழுக்கவில்லை. பிறந்ததிலிருந்து எந்நேரமும் எதிரே ஒரு இழுப்பு இருந்தது. அது தம்பியின் இழுப்பு. அவன் இத்தனை காலம் பலத்தைக் காட்டியதெல்லாம் அந்த இழுப்போடுதான். இப்போது அது இல்லை. அது இல்லாமல் போனதும் முதல்முறையாக அவனுக்கு வேறொன்று தட்டுப்பட்டது. மெல்லிசாக, கோழிக்குஞ்சின் விலா அளவுக்கு ஏதோ ஒன்று அவன் இறுக்கத்துக்குள் தவித்துக்கொண்டிருந்தது. அது சின்னி.

"தம்பி?" என்றான் முன்னவன். "தம்பி, இருக்கியாடா?"

கொஞ்சம் பொறுத்துப் பின்னவனின் குரல் வந்தது. தூங்கி எழுந்தவன் குரலில் பேசினான். "இருக்கேன் அண்ணே. சாகல. நீளமா, லேசா இருக்கு. சொகமா இருக்கு அண்ணே. நீயும் விட்டுப் பாரேன்."

முன்னவன் விட்டான்.

அவன் விட்டதும் பின்னவன் நோகாமல், பிசகாமல் இழுத்தான். எதிர்ப்பு இல்லாத இழுப்பு. மூட்டுக்குத் திரும்ப வழி கிடைத்தது. காலையிலிருந்து அரைபட்டுக் கிடந்த அந்த முழங்கை, சொடக் என்று ஒரு சத்தம் போட்டது. அந்த ஊரில் அதற்கு முன்னால் யாரும் கேட்டிராத சத்தம். கை மளமளவென்று நீண்டது. சின்னி நழுவிச் சடையனின் கைகளில் விழுந்தாள்.

ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு சின்னி ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்து, அதைவிடப் பெரிதாக ஒரு அழுகையை வெளியே விட்டாள். கூடவே அப்பனின் வேட்டியை நனைத்தாள். அந்த அழுகையைக் கேட்டு அங்கே சிரிக்காதவர் இல்லை, அழாதவரும் இல்லை. காத்தாயி அரிவாளை எடுத்துக் கூரையில் செருகிவிட்டு மூக்கைச் சிந்தினாள். மின்னாயிக்கு உடம்பிலிருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. மூன்று பிள்ளைகளாகச் சேர்த்து வைத்திருந்த பயம் முழுவதும் அந்த ஒரு அழுகையில் கரைந்து போயிற்று. சடையனிடம் வாய்விட்டே சொன்னாள்: "எனக்கு இத்தன நாளும் பயமாவே இருந்துச்சுங்க."

"எனக்கு மட்டும் என்ன?" என்றான் சடையன்.

அவள் சின்னியின் இரண்டு கன்னத்தையும் இரண்டு கைகளாலும் வழித்தாள். உண்மையாகவே பிழைத்துவிட்டதா என்று நம்ப முடியாமல், அதே கைகளைத் தன் தலைக்குக் கொண்டுபோய், விரல்களை மடக்கி நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். விரல்களிலிருந்த சதைகள் அண்ணன் தம்பி பேசியதை அதற்குள் ஒட்டுக்கேட்டிருந்தன. விட்டுத்தான் பார்ப்போமே என்று எல்லாமும் ஒரே சமயத்தில் விட்டன. பத்து விரலின் கணுக்களும் படபடவென்று சொடுக்கின.

சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? உடம்பு முழுக்க வாயாக இருந்த காலம் ஆயிற்றே. மின்னாயியின் விரல் காத்தாயியின் விரலுக்குச் சொன்னது. காத்தாயியின் முழங்கால் எதிரே நின்றவரின் முழங்காலுக்குச் சொன்னது. விட்டால் சாகமாட்டோமாம், சுகமாக இருக்கிறதாம் என்று கழுத்து முதுகுக்குச் சொல்ல, முதுகு இடுப்புக்குச் சொன்னது. இருட்டுவதற்குள் ஊரில் எல்லாச் சதைகளும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டன. முன்னவன் இழுக்கும்போது பின்னவன் விட வேண்டும். பின்னவன் இழுக்கும்போது முன்னவன் விட வேண்டும். அன்று ராத்திரி அந்த ஊர் தூங்கிய தூக்கத்தை மனிதர்கள் அதற்கு முன்பு தூங்கியதில்லை.

மறுநாள் காலையில் மின்னாயி கண் விழித்தாள். இடுப்பைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குச் சொல்வதற்குள் நின்றிருந்தாள். முதலில் பயந்தாள். பிறகு புரிந்தது. சண்டை போட்டபோதுதான் அவர்களுக்குப் பேச நிறைய இருந்தது. இப்போது ஒருவர் பிடிக்க ஒருவர் விட, அவள் நினைத்த மாத்திரத்தில் காரியம் நடந்துவிடுகிறது. பேசுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? நாலு நாளில் ஊர் முழுக்கக் கைகால்களின் வாய்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மின்னாயி மட்டும் அவ்வப்போது இடக்கையைத் தடவி, முன்னவா, தம்பி, இருக்கீங்களா என்று கேட்டுக்கொள்வாள். பதில் வராது. கையை மடக்கி நீட்டுவாள். வெண்ணெயாக மடங்கும், வெண்ணெயாக நீளும். அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டாள்.

மூட்டுகள் மட்டும் முழுசாக ஊமையாகவில்லை. இரண்டு பக்கத்து இழுப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அதிகமாக நொந்தவர்கள் அவர்கள்தானே? அவர்களுக்கு சொடக் என்கிற ஒரே ஒரு சத்தம் பாக்கி இருந்தது.

சின்னியை மின்னாயி தரையில் விட்டாள். முதல் நாள் விடுவதற்கு அவளுக்கு மனசே வரவில்லை. கை தானாக விட்டது. சின்னி நேராக வாய்க்காலைப் பார்த்துத் தவழ்ந்தாள், மின்னாயியும் குனிந்த முதுகோடு பின்னாலேயே போனாள். கரை வந்ததும் தூக்கிக்கொண்டாள். திரும்பக் கொண்டுவந்து விட்டாள். மறுபடியும் தூக்கினாள். பொழுதுக்கும் இதே வேலையாக இருந்தாள், அந்த வருஷம் கம்பு இடிக்க அவளுக்கு நேரம் ஏது?

நம் வீடுகளில் பிள்ளையின் கன்னத்தை இரண்டு கைகளாலும் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிக்கிறார்களே, அது மின்னாயி அழுதபடி செய்த அந்த நாளில் தொடங்கியதுதான். கண்பட்டது கழிந்தது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். மூட்டுகளுக்கு அதெல்லாம் தெரியாது. அன்று முழங்கை சொன்னதைத்தான் இன்றும் பத்து விரலும் சொல்கின்றன: விட்டாச்சு, பிள்ளைக்கு மூச்சு வந்தாச்சு.